கிராணியைக் கவனியுங்கள்: டிஸ்டோபியா நாவல்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் எங்கள் தமிழ் வாசிப்புக் குழு டிஸ்டோபியா எனப்படும் சர்வாதிகாரக் கற்பனை உலகங்களைப் பற்றிய நாவல்களைத் தொடர்ந்து படித்துவருகிறது. ஜார்ஜ்டவுனிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தேநீர் ஆறிப்போகும்வரை அதே பதில்களைத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. பதில்கள் என்னுடையவை, குழுவினர் அனைவரும் ஒப்புக்கொண்டவை அல்ல. கதைகளின் முடிவுகளையும் பேசியிருக்கிறேன். முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கொடுங்கோலன் வரும் கதையெல்லாம் டிஸ்டோபியாதானா?

இல்லை. பழைய கொடுங்கோலனுக்கு வரி வேண்டும், பணிவு வேண்டும், சில சமயம் உங்கள் நிலமும் வேண்டும். அவன் உறங்கப் போன பிறகு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவனைத் திட்டிக்கொள்ளலாம். இந்த நாவல்களில் வரும் முற்றதிகார அரசுக்கு அது போதாது. தூக்கத்தில் என்ன உளறுகிறீர்கள், எதை நினைவில் வைத்திருக்கிறீர்கள், யாரை நேசிக்கிறீர்கள் என்பதெல்லாம் அதன் கணக்கில் வந்தாக வேண்டும்.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியன் செய்தது கொடிய அநீதி. ஆனாலும் கண்ணகியால் அவைக்குள் நுழைய முடிகிறது, அரசனை நேருக்கு நேர் பார்த்துப் பேச முடிகிறது. சிலம்பை உடைக்கிறாள், முத்து இருக்க வேண்டிய இடத்திலிருந்து மாணிக்கம் தெறிக்கிறது, "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி அரசன் உயிரை விடுகிறான். சான்று செல்லுபடியாகும் உலகம் அது. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் (வெளிவந்தது 1949) ஆளும் கட்சி சொன்னது பொய் என்று நிரூபிக்கும் பழைய புகைப்படம் ஒன்றைக் கட்சி அதிகாரி ஓ'பிரையன் கைதியான கதாநாயகன் வின்ஸ்டனின் கண்முன் காட்டுகிறான். மறு கணம் அதைச் சுவரிலுள்ள எரிதுளைக்குள் போட்டுவிட்டு, அப்படி ஒன்று இருந்ததே இல்லை, எனக்கு நினைவில்லை என்கிறான். நடிக்கிறானா, உண்மையிலேயே மறந்துவிட்டானா என்று வின்ஸ்டனால் சொல்ல முடியவில்லை. அவனை நடுங்கவைப்பது அதுதான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பிறகும் அவையில் ஒருவர் முகமும் மாறாத மதுரையைக் கற்பனை செய்துபாருங்கள். நாம் படிக்கும் நாவல்கள் அந்த மதுரையில் நடக்கின்றன.

முதலில் எதைப் படிப்பது?

பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. பலரும் இதை எதிர்பார்ப்பதில்லை. ஆட்டுக்குட்டியின் கதைக்கும் சர்வாதிகாரத்துக்கும் என்ன தொடர்பு என்கிறார்கள். படித்துப்பாருங்கள். குட்டி பிறந்தால் அரசிடம் பதிவு செய்து காது குத்தி அடையாளம் போட வேண்டும். அந்தக் குட்டி எப்படிக் கைக்கு வந்தது என்று கிழவி அதிகாரிக்கு விளக்க வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் பேச்சுவாக்கில் ஏதாவது சொல்லிவிட்டு, யார் காதில் விழுந்ததோ என்று அஞ்சுகிறார்கள். 2015 ஜனவரியில் இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்த ஒருவர், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு எழுத்துக்குத் திரும்பித் தந்த நாவல் இது. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த வரிசை இன்னும் நீளமாகத் தெரியும்.

அடுத்து ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953), வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியிட்டது. நூல்களை எரிக்கும் கதையை அவர் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், அரை மணி நேரத்துக்குப் பத்து காசு போட்டால் இயங்கும் வாடகைத் தட்டச்சுப் பொறியில் எழுதினார். மூன்றாவதாகத்தான் '1984'. க.நா.சு. மொழிபெயர்ப்பு இருக்கிறது, அவரே 'விலங்குப் பண்ணை'யையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். யெவ்கேனி சம்யாதினின் 'நாம்' நாவலைக் கொஞ்சம் பழகிய பிறகு எடுங்கள். ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். ஆங்கிலப் பழைய பிரதிகளுக்குச் சௌராஸ்தா சந்தையின் மாடியிலுள்ள பழைய புத்தகக் கடைகளைத் துழாவுங்கள். விலையைக் கேட்டதும் கொடுத்துவிடாதீர்கள்.

மக்களைக் கட்டுப்படுத்த இந்த அரசுகள் என்னென்ன செய்கின்றன?

எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அச்சம்: போலீஸ், சித்திரவதை, காணாமல் போகும் ஆட்கள். ஆனால் ஆளுக்கொரு காவலாளி போட்டு எந்த அரசும் தாக்குப்பிடிக்காது. அதனால் நல்ல எழுத்தாளர்கள் அச்சத்தைவிட மலிவான வழிகளைத் தேடுகிறார்கள்.

சம்யாதின் 1920-21இல் எழுதிய 'நாம்' நாவலில் வீடுகளின் சுவர்கள் கண்ணாடி. மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். கதை சொல்பவன் டி-503. திரைச்சீலையை இறக்கிக்கொள்ள இளஞ்சிவப்பு டிக்கெட் வேண்டும், அதுவும் குறித்த நாளில், குறித்த நேரத்துக்கு. ஒளிந்துகொள்ள இடமில்லாதவனுக்குக் காவலாளி தேவைப்படுவதில்லை. சோவியத் ரஷ்யாவில் இந்த நாவலை வெளியிட முடியவில்லை; 1924இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில்தான் முதலில் வந்தது. 1931இல் சம்யாதின் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதி, நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்டுப் பெற்றார். சொந்த மண்ணில் நாவல் அச்சேறியது 1988இல். அவர் பாரிஸில் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்குமேல் ஆகியிருந்தது.

ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் காட்டியது நேர் எதிர் வழி. அங்கே யாரும் அடிக்கப்படுவதில்லை. குழந்தைகள் புட்டியிலேயே தரம் பிரித்து வளர்க்கப்படுகிறார்கள். உறங்கும்போது காதில் பாடம் ஓதப்படுகிறது. மனம் கனத்தால் சோமா என்ற மாத்திரை. அதைப் பற்றிக் கீழே வேறு இடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) காட்டும் வழிதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. ஒருநாள் கடையில் சிகரெட் வாங்கப்போன கதாநாயகியின் வங்கி அட்டை வேலை செய்யவில்லை. அன்றே அலுவலகத்திலிருந்து பெண்கள் எல்லோரும் வெளியேற்றப்படுகிறார்கள். பெண்களின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டுவிட்டன. பணம் கணவனுக்கோ மிக நெருங்கிய ஆண் உறவினருக்கோ போகும். தெருவில் ரத்தம் சிந்தவில்லை, கணினியில் ஒரு மாற்றம், அவ்வளவுதான். கணவன் லூக் நல்லவன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆறுதல் சொல்கிறான். அந்த ஆறுதலைக் கேட்கும்போது அவளுக்குள் ஏதோ விலகுகிறது. இவனுக்கு இதில் அவ்வளவாக வருத்தமில்லையோ?

நம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை மறந்துவிடக் கூடாது. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது ரோபோ நாய் ஜீனோவுக்காகத்தான் பெரும்பாலோர் படித்தார்கள். ஜீவா என்ற ஒருவரின் ஆட்சியில் குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்கள். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். நிலா, சிபி என்ற பெயர்கள் அழகாக இருப்பதால் அது ஒரு கட்டளை என்பது நமக்கு உறைப்பதே இல்லை. சுஜாதா அதை வேண்டுமென்றே செய்தாரா என்று தெரியாவிட்டாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வாழ்க்கையை இந்தக் கற்பனைகளோடு ஒப்பிடுவது மிகையில்லையா, தம்பி?

ஐயா, ஒருவகையில் மிகைதான். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு உங்கள் உழைப்பு வேண்டியிருந்தது. உங்கள் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்பதில் அவருக்கு அக்கறை இருக்கவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கூத்தும் தாலாட்டும் மாரியம்மன் திருவிழாவும் நடந்தன. ஆகவே தோட்டத்தை முற்றதிகார அரசு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கட்டுப்பாடு எவ்வளவு சிறிய இடத்தில் குடியிருக்கும் என்பதைக் காட்ட எனக்குத் தோட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர்களில் முக்கியமானவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். கோரிக்கைகளைப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களுக்குத் தரப்படும் தொல்லைக்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுவது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ தோட்டத்து அலுவலரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கிவிட வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

கூலி உயர்வு கேட்டால் எந்த முதலாளிக்கும் புரியும். ஆனால் சைக்கிளிலிருந்து இறங்குவதால் ஒரு சொட்டு ரப்பர் பால்கூட அதிகமாகக் கிடைக்காது. அதிகாரம் தன்னை நாள்தோறும் நினைவூட்டிக்கொள்ளும் சடங்கு அது. '1984'இல் காலை உடற்பயிற்சியின்போது தொலைத்திரையிலிருந்து ஒரு குரல் வின்ஸ்டனின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டு இன்னும் குனியச் சொல்கிறதே, அதற்கும் இதற்கும் வேறு என்ன வேலை? தோட்டத்துத் தொழிலாளர்கள் ஆர்வெல் எழுதுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்து, பட்டியலில் எழுதி, நீட்டிவிட்டார்கள். அந்த மே மாதம் நாதன் கைதானார், பிறகு நாடுகடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன. தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

கள்ளுக்கடைக்கு வருகிறேன். ஹக்ஸ்லியின் சோமாவைப் படிக்கும் லண்டன் வாசகருக்கு அது வருங்காலத்து மாத்திரை. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த கூலியில் ஒரு பகுதி அன்றைக்கே திரும்பிவர, மறுநாள் காலை பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் எதையும் கேட்கத் திராணியில்லாமல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் கற்பனை குறைவுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கெடாவில், பெடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை எதிர்ப்பைத்தான் முன்னுக்கு வைத்தது. மாத்திரையைத் தூக்கி வீசச் சொல்லிக் கத்தும் ஜான் என்ற காட்டுமிராண்டி ஹக்ஸ்லியின் கதையில் தனியாள். கெடாவில் அவர்கள் கூட்டமாக வந்தார்கள்.

'1984'இல் ஆட்சியின் தலைவனான பெரியண்ணன் ஒருமுறைகூட நேரில் வருவதில்லையே. ஏன்?

வர வேண்டிய தேவையில்லை. இந்த வகை நாவல்களைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்றுதான் என்றால் இதுதான்: உச்சியில் இருப்பவனைப் பார்க்காதீர்கள், தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியைப் பாருங்கள்.

தோட்டத்தில் துரையை ஒரு தொழிலாளி எத்தனை முறை பார்த்திருப்பார்? பேரேட்டில் பெயரை எழுதியவர், அரைநாள் என்று குறித்தவர், பால் தண்ணீராக இருக்கிறது என்று சொன்னவர் கிராணி. அவருக்குக் கீழே, வேலையை மேற்பார்த்த மண்டோர். துரையின் சொல்லைத் தொழிலாளியின் மொழியில் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம். மேலே சொன்ன சைக்கிள் கோரிக்கையில் அலுவலர்களும் சேர்க்கப்பட்டிருப்பதைக் கவனித்தீர்களா? வெள்ளைக்காரர் மட்டும் என்று தொழிலாளர்கள் நினைக்கவில்லை.

இப்போது நாவல்களுக்குத் திரும்புங்கள். 'ஃபாரன்ஹீட் 451'இல் மறக்க முடியாத பாத்திரம் கதாநாயகன் மொன்டாக் இல்லை, தீயணைப்புத் தலைவன் பீட்டி. அந்த உலகில் தீயணைப்புப் படையின் வேலையே நூல்களை எரிப்பது. அவனும் எரிப்பவன்தான், ஆனால் எரித்த நூல்களிலிருந்து மனப்பாடமாக மேற்கோள் காட்டுகிறான். ஹக்ஸ்லியின் முஸ்தபா மாண்ட் ஒரு காலத்தில் விதிமீறி ஆராய்ச்சி செய்த இயற்பியல்காரர். தீவுக்கு நாடுகடத்தப்படுவதா, ஆட்சியில் சேருவதா என்ற தேர்வில் ஆட்சியைத் தேர்ந்தெடுத்தவர். தடைசெய்யப்பட்ட நூல்களை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறார். அட்வுட்டின் உலகில் பெண்களை அடக்கப் பழக்குபவள் லிடியா அத்தை. அவளும் பெண். '1984'இல் பக்கத்து வீட்டுப் பார்சன்ஸைச் சொந்த மகளே காட்டிக்கொடுக்கிறாள், தூக்கத்தில் கட்சியைத் திட்டினார் என்று. சிறையில் உட்கார்ந்துகொண்டு அவர் மகளை எண்ணிப் பெருமைப்படுகிறார். ஆர்வெல் இதைவிடப் பயங்கரமாக எதையும் எழுதவில்லை என்பது என் எண்ணம். வின்ஸ்டனை முறித்துப்போடும் எலிக்கூண்டுகூட இதற்குப் பிறகுதான்.

எங்கள் குழுவில் கிராணிமாரின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பேச்சு கசக்கும். ஒருவர் கேட்டார்: என் தாத்தா அந்த வேலையை விட்டிருந்தால் பேரேட்டில் எழுதும் விரல் இன்னொருவருடையதாக இருந்திருக்கும், வேறென்ன மாறியிருக்கும்? நியாயமான கேள்வி. முஸ்தபா மாண்டிடம் கேட்டாலும் அவர் இதைத்தான் சொல்வார். இதற்கு நாவல்கள் பதில் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பேரேட்டைக் கையில் பிடித்தால் மனம் எப்படி மெதுவாகச் சாயும் என்பதை அவை காட்டுகின்றன. வில்லனை வெறுக்க நாவல் தேவையில்லை, செய்தித்தாள் போதும்.

கிளர்ச்சி ஏன் எப்போதும் ஒரு காதலில் தொடங்குகிறது?

சம்யாதின் போட்ட தடம். டி-503 ஒழுங்கான பொறியாளர். ஐ-330 என்ற பெண் வருகிறாள், அவன் கணக்கு தப்புகிறது. வின்ஸ்டனுக்கு ஜூலியா. காதலில் அரசு பங்குகேட்க முடியாத ஒரு விசுவாசம் இருப்பதால் இது பொருந்தித்தான் வருகிறது. ஆனாலும் இதில் சோம்பல் உண்டு. ஆண் விழித்தெழ ஒரு பெண் வர வேண்டும். அவள் எப்படி விழித்தாள் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. ஜூலியாவைச் சற்றுக் கவனியுங்கள். கோட்பாடுகளைப் பற்றி வின்ஸ்டன் பேசும்போது அவள் தூங்கிவிடுகிறாள், கட்சி மேலிடத்தாருக்கு மட்டுமே கிடைக்கும் உண்மையான காப்பித்தூளை எப்படியோ கொண்டுவருகிறாள். எனக்கு அவள் கிளர்ச்சிதான் அதிகம் பிடிக்கும்.

எல்லாக் கதைகளும் தோல்வியில்தானே முடிகின்றன? பிறகு ஏன் படிப்பது?

தோற்பது கதாநாயகர்கள். கதையே தோற்கிறதா என்பதைக் கடைசிப் பக்கம்வரை பார்க்க வேண்டும். டி-503க்கு அறுவை செய்து கற்பனையை அகற்றிவிடுகிறார்கள்; ஐ-330ஐ வதைப்பதை அவன் சலனமின்றிப் பார்க்கிறான். ஆனால் நகரைச் சூழ்ந்த மதில் உடைந்திருக்கிறது, பறவைகள் உள்ளே வந்துவிட்டன, மேற்கே இன்னும் சண்டை ஓயவில்லை. அட்வுட்டின் நாவல் 2195இல் நடக்கும் ஓர் ஆய்வரங்கத்தோடு முடிகிறது. அந்த ஆட்சி எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்டது, பேராசிரியர்கள் அதைப் பற்றி நகைச்சுவை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு வேறொரு கவலையைத் தருகிறது என்பது தனிக் கதை.

'1984'க்குப் பின்னிணைப்பு ஒன்று உண்டு, கட்சி உருவாக்கிய மொழியைப் பற்றி. பலர் அதைப் படிப்பதே இல்லை. அது முழுக்க இறந்தகாலத்தில், சாதாரண ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆட்சி வீழ்ந்த பிறகு யாரோ எழுதியது அது என்று சிலர் வாதிடுகிறார்கள். வெறும் எழுத்து நடை என்று வேறு சிலர். நான் முதல் கட்சி, ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

கிளர்ச்சி வென்றால்?

அப்போதுதான் ஆபத்து ஆரம்பம். 'விலங்குப் பண்ணை' (1945) சொல்வது முழுக்க இதைத்தான். சுசான் காலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் முடிவில் கதாநாயகி காட்னிஸின் அம்பு பழைய சர்வாதிகாரி ஸ்னோவின் மீது பாய்வதில்லை. புரட்சிப் படையின் தலைவி காயின்மீது பாய்கிறது. இளையோர் நாவல் என்று ஒதுக்குபவர்கள் இந்த ஒரு காட்சிக்காகவாவது படிக்கலாம். சுஜாதாவும் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்தார்: ஜீவா வீழ்ந்த பிறகு நிலா அரசியாகிறாள். 'மீண்டும் ஜீனோ'வில் பார்த்தால் அவள் ஒரு பொம்மை, கயிறு வேறு கைகளில்.

இந்தக் கதைகளால் நிஜ உலகில் ஏதாவது நடந்திருக்கிறதா?

நமக்குப் பக்கத்திலேயே. பினாங்கிலிருந்து வண்டியில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய தாய்லாந்தில், 2014 மே மாத ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு, காட்னிஸின் மூன்று விரல் வணக்கம் எதிர்ப்பின் அடையாளமானது. பொது இடத்தில் '1984'ஐப் படித்துக்கொண்டு நிற்பதும் ஒரு போராட்டமாயிற்று. விரலை உயர்த்திய மாணவர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 2021இல் மியன்மாரிலும் அதே மூன்று விரல், அந்நாட்டின் ஐ.நா. தூதர் பொதுச் சபையிலேயே அதை உயர்த்திக் காட்டினார். ஆர்வெல் இளமையில் காவல் அதிகாரியாக வேலை பார்த்த பர்மாவில், ஹாலிவுட் பரப்பிய ஒரு சைகைக்காக மக்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். பலகோடி டாலர் சம்பாதித்த படத்திலிருந்து வந்த சின்னம்தானே என்று ஏளனம் செய்ய எனக்கும் வாய் வரும். ஆனால் துப்பாக்கி முன்னால் நிற்பவர் சின்னத்தின் பிறப்புச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

இந்த நூல்கள் மலேசியாவில் தடைசெய்யப்பட்டவையா?

ஆர்வெல், பிராட்பரி, ஹக்ஸ்லி எல்லாம் கடைகளில் கிடைக்கிறார்கள். அச்சு இயந்திரங்கள், வெளியீடுகள் சட்டம் நம்மிடம் இருக்கிறது. நிறைவேற்றப்பட்ட ஆண்டு 1984. யாரும் திட்டமிட்டுச் செய்த கேலி அல்ல, தற்செயல்தான். அந்தச் சட்டப்படி உள்துறை அமைச்சர் ஒரு நூலைத் தடைசெய்யலாம். தடைசெய்யப்பட்ட நூலைத் தக்க காரணமின்றி வைத்திருந்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். அச்சிட்டாலோ விற்றாலோ மூன்றாண்டு வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 2020 டிசம்பரில் ம. நவீனின் 'பேய்ச்சி' என்ற தமிழ் நாவல் ஒழுக்கத்துக்குக் கேடு என்ற காரணத்தால் தடைசெய்யப்பட்டது. அது டிஸ்டோபியா அல்ல. எங்கள் குழு அதைப் படிப்பதில்லை; ஏன் என்பது மேலே இருக்கும் தொகைகளைப் பார்த்தால் புரியும்.

'இண்டர்லோக்' நாவலை நாமே எதிர்த்தோமே. அப்படியானால் நாமும் தீயணைப்புத் தலைவன் பீட்டிதானா?

கேட்கத் தயங்குபவர்கள் அதிகம், கேட்டவருக்கு நன்றி. அப்துல்லா ஹுசைன் எழுதி 1971இல் வெளிவந்த அந்த மலாய் நாவல் 2011இல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலாக்கப்பட்டது. இந்தியர்களைக் குறித்து அதில் இருந்த சாதிச் சொல் ஒன்று பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அது பாடத்திட்டத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

பிராட்பரியின் நாவலில் பீட்டி ஓர் உண்மையைப் போட்டு உடைக்கிறான்: எரிப்பது அரசாணையிலிருந்து தொடங்கவில்லை. ஒவ்வொரு கூட்டமும் தன்னைப் புண்படுத்திய பக்கத்தைக் கிழிக்கச் சொன்னது, படிக்க யாருக்கும் பொறுமையில்லாமல் போனது, அரசு கடைசியில்தான் வந்தது. 'பேய்ச்சி' விஷயத்திலும் அமைச்சின் ஆணைக்கு முன்பே தமிழ் வட்டாரங்களுக்குள்ளேயே அந்த நாவலுக்கு எதிராகச் சூடான குரல்கள் எழுந்தன என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

என் நிலைப்பாடு இது. பதினேழு வயதுப் பிள்ளை, பல இனத்தார் நிறைந்த வகுப்பில், தன்னை இழிவாகச் சொல்லும் சொல்லை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று பெற்றோர் கேட்பது தணிக்கை அல்ல. அதே நூலை யாருமே வாங்கக் கூடாது, படிக்கக் கூடாது என்று கேட்கும் அன்றைக்கு நாம் பீட்டியின் தீயணைப்பு வண்டியில் ஏறிவிட்டோம். இடையில் இருக்கும் கோடு மெல்லியது. குழுவில் பாதிப்பேர் இதை ஏற்கவில்லை.

மைசெஜாத்ரா, தெருக்கேமரா இதெல்லாம் '1984' இல்லையா?

2020 பெருந்தொற்றுக் காலத்தில் ரொட்டிச் சானாய் வாங்கப் போனாலும் கைபேசியை நீட்டி மைசெஜாத்ரா என்ற அரசுச் செயலியில் பதிவு செய்தோம். 2022 மே மாதத்தில் அந்தக் கட்டாயம் நீங்கியது. முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள் 2019இலேயே பினாங்கு வந்துவிட்டன. எச்சரிக்கையாக இருக்க வேண்டியவைதான். ஆனால் போக்குவரத்து அபராதச் சீட்டு வந்தால்கூட ஆர்வெல்லைக் கூப்பிடுபவர்களோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆட்சியைத் திட்டிவிட்டு வீடு போய்ச் சேரலாம், 2018இல் நடந்ததுபோல் வாக்குப்போட்டு மாற்றலாம் என்றால் அது '1984'இல் வரும் ஓஷியானியா நாடு அல்ல. கேமரா இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதில் பதிவானதை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், தவறாகப் பயன்படுத்தினால் யாரிடம் முறையிடலாம் என்று கேளுங்கள். சலிப்பூட்டும் கேள்விகள்தான்.

என் மகளுக்குப் பதினான்கு வயது, அக்கா. எதைக் கொடுக்கலாம்?

(இதற்கு எங்கள் குழுவின் தமிழாசிரியை ஒருவர் வழக்கமாகச் சொல்லும் பதிலையே தருகிறேன்.) 'ஹங்கர் கேம்ஸ்' அவள் ஏற்கெனவே படித்திருப்பாள், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். 'விலங்குப் பண்ணை' கொடுங்கள். '1984'இன் கடைசிப் பகுதியில் சித்திரவதை இருக்கிறது. ஓரிரு ஆண்டுகள் போகட்டும். அட்வுட் இன்னும் பொறுத்து. படித்து முடித்ததும் என்ன புரிந்தது என்று தேர்வு வைக்காதீர்கள்.

மலேசியத் தமிழ்ச் சூழலில் இப்படி ஒரு நாவல் எழுத விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

தயவுசெய்து வானளாவிய இரும்புக் கோட்டையில் தொடங்காதீர்கள். உலகில் எங்கேயாவது ஏற்கெனவே நடக்காத எதையும் நாவலில் சேர்ப்பதில்லை என்று அட்வுட் தனக்கு விதி வைத்துக்கொண்டார். அந்த விதியைக் கடன் வாங்குங்கள். இங்கேயே சரக்கு இருக்கிறது. மலாயாவில் பிரிட்டிஷார் கம்யூனிஸ்டுகளோடு மோதிய அவசரகாலத்தில், 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாப் படையினருக்கு உணவு போய்விடக் கூடாது என்பதற்காகத் தகரடப்பாவைத் துளையிட்டுத்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு. சில இடங்களில் அரிசியைச் சோறாக்கித்தான் கொடுத்தார்கள். வேலியின் வாசலில் நின்று தகரடப்பாவைத் துளையிடும் வேலை யாருக்குக் கிடைத்தது? அவனுக்கு வீட்டில் எத்தனை பிள்ளைகள்? பக்கத்து வீட்டுக்காரியின் டப்பா வரும்போது ஆணி எங்கே இறங்கியது? அவனைக் கதை சொல்லவிடுங்கள்.

கிளர்ச்சிக்காரர்களை மேடைப் பேச்சாளர் மாதிரிப் பேசவைக்காதீர்கள். இன்னொன்று, ஆண்டைக் குறிப்பிடாதீர்கள். ஆர்வெல் குறிப்பிட்டதன் விளைவு, 1984 கடந்ததும் அவர் கணிப்பு தப்பிவிட்டது என்று கட்டுரை எழுதப் பலருக்கு வேலை கிடைத்தது.

நாவலைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு வரலாமா?

வரலாம். பீட்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் அமைதியாக இருங்கள்.